குளத்தைப் பார்த்த பிறகு மருந்தைத் தேடுங்கள்

நெல் வயலில் இலை மஞ்சளானால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று நீங்கள் நினைப்பதில்லை. தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். துத்தநாகக் குறையாக இருக்கலாம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறியிருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த துங்ரோ நச்சுயிரியாகவும் இருக்கலாம். யூரியா போட வேண்டியது முதல் காரணத்துக்கு மட்டுமே. மற்ற மூன்றுக்கும் போட்டால் பணம் வீண், சில நேரம் பயிரும் வீண். அனுபவமுள்ள உழவர் வயலில் இறங்கி, வேரைப் பிடுங்கிப் பார்த்து, எந்த இலையில் மஞ்சள் தொடங்கியது என்று கவனித்த பிறகே முடிவெடுப்பார்.

அதே உழவர் பண்ணைக்குட்டையில் 10 மீன் செத்து மிதந்தால் இந்த நிதானத்தை மறந்துவிடுகிறார். செத்த மீனைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார். மறுமுனையில் இருப்பவர் ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறார். மாலைக்குள் அந்த மருந்து குளத்தில் கரைந்துவிடுகிறது. மறுநாள் இன்னும் 100 மீன் மிதக்கிறது. நோய் முற்றியதால் செத்ததா, மருந்தால் செத்ததா என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடிவதில்லை.

நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல்லோடும் கரும்போடும் சேர்த்து மீன் வளர்க்க விரும்புவோருக்கும், கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கும் மகளிர் குழுக்களுக்கும் இந்த வாரம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடைத்து வளர்க்கும் மீனின் பெரும்பாலான நோய்கள் தண்ணீரில்தான் தொடங்குகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் உள்ள மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறிடம் போகும். உங்கள் குட்டையில் உள்ள மீனுக்குப் போக இடமில்லை. ஆகவே காரணத்தைக் கண்டறிவது முதல் வேலை, மருந்து கடைசி வேலை. இந்த வரிசை மாறினால் ஒரு பருவத்து உழைப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

செத்த விதத்தைக் கணக்கெடுங்கள்

ஆய்வகமும் கருவியும் இல்லாமலே பாதி நோயைக் கண்டறியலாம். கரையில் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மீன் செத்தது? எந்த நேரத்தில் செத்தது? எவ்வளவு வேகத்தில் செத்தது?

விடியற்காலையில் மட்டும் செத்து மிதக்கிறது, அதிலும் பெரிய மீன்கள் முதலில் போகின்றன, மிச்சமுள்ளவை மேல்மட்டத்தில் வாய் பிளந்து காற்றைக் குடிக்கின்றன என்றால் அது ஆக்சிஜன் குறை. அதற்கு எந்தக் கிருமிநாசினியும் மருந்தாகாது.

பெரியது, சிறியது, கட்லா, கெளுத்தி என்ற வேறுபாடு இல்லாமல் சில மணி நேரத்தில் எல்லாம் சாகின்றன, கூடவே தவளைக்குஞ்சும் நீர்ப்பூச்சியும் செத்துக் கிடக்கின்றன என்றால் குளத்துக்குள் நஞ்சு இறங்கியிருக்கிறது. முந்தின நாள் பக்கத்து வயலில் என்ன தெளித்தார்கள் என்று விசாரியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மாட்டுக்கும் மனிதருக்கும் செய்யும் கேட்டைவிட மீனுக்குப் பல மடங்கு கேடு செய்யும். தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதே ஒரு சிறு குட்டைக்கு ஆபத்து.

ஒரு நாளைக்கு 2, மறுநாள் 4, அடுத்த நாள் 7 என்று மெல்ல ஏறுகிறது, அதுவும் ஒரே வகை மீனில் ஏறுகிறது என்றால்தான் தொற்று நோயையோ ஒட்டுண்ணியையோ சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் நினைவில் இருந்தால் போதாது, ஒரு நோட்டில் எழுதியிருக்க வேண்டும். என்ன தேதியில் எத்தனை குஞ்சு விட்டீர்கள், எவ்வளவு தீவனம் போட்டீர்கள், தண்ணீரின் நிறம் என்ன, காலையில் மீன் மேலே வந்ததா, எத்தனை செத்தது என்ற ஐந்து விவரம் போதும். நோய் வந்த அன்று எந்த நிபுணரும் முதலில் கேட்பது இதைத்தான்.

விடியலுக்கு முன் ஒரு நடை

பகலில் குளத்திலுள்ள பச்சை மிதவை உயிரிகள் வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. இரவில் மீனோடு சேர்ந்து அவையும் அந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன. எனவே சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கெண்டை மீன் நன்றாக வளர 1 லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் அளவுக்குமேல் வேண்டும். 3-க்குக் கீழே போனால் மீன் தீவனத்தைக் குறைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியை இழக்கும். மேகமூட்டமான நாள் தொடர்ந்து வந்தாலோ, குளம் கரும்பச்சையாக மாறியிருந்தாலோ ஆபத்து கூடும்.

தண்ணீரின் பசுமையை அளக்க உங்கள் கையே போதும். கரையோரம் முழங்கை வரை நீரில் இறக்குங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் மிதவை உயிரிகள் அளவுக்குமேல் பெருகிவிட்டன. சாணம் போடுவதை நிறுத்துங்கள், தீவனத்தைக் குறையுங்கள்.

மீன் வாய் பிளந்து நிற்கும் காலையில் முதலில் தீவனத்தை நிறுத்துங்கள். பிறகு ஏரேட்டரை ஓட்டுங்கள். ஏரேட்டர் இல்லாதவர்கள் மோட்டார் வைத்துக் குளத்து நீரையே உயரத்தில் தூக்கிச் சிதறவிடலாம். நம் பகுதியில் பலர் ஆழ்துளைக் கிணற்று நீரை நேராகக் குளத்துக்குள் விடுகிறார்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயைக் குளத்துக்குள் அமிழ்த்தி வைத்தால் ஆக்சிஜன் குறைந்த நீரோடு இன்னும் குறைந்த நீரைக் கலக்கிறீர்கள். குழாயை உயர்த்தி, ஓட்டை போட்ட தகடு அல்லது கற்குவியல் மீது விழவைத்துச் சிதறிய பிறகு குளத்தில் சேரும்படி செய்யுங்கள்.

சுண்ணாம்பும் கொல்லும்

மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது நல்லதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று பெரிய தீங்கு செய்யாது. மற்றொன்று செவுளைச் சுட்டுவிடும் நஞ்சு. எந்த வடிவம் மிகுதியாக இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன.

நம் ஊர்க் குளங்களில் காணும் 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 100-க்கு 1 பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது ஏறக்குறைய 7 பங்கு ஆகும். பி.எச். 9 ஆனால் 40 பங்கு. அதாவது, அம்மோனியா சேர்ந்த குளத்தில் அளவு பார்க்காமல் சுண்ணாம்பைக் கொட்டி பி.எச். அளவை ஏற்றினால், நேற்று வரை மீன் தாங்கிக்கொண்டிருந்த அதே கழிவு இன்று அதைக் கொன்றுவிடும். அதிலும் நண்பகலில் குளத்தின் பி.எச். தானாகவே ஏறியிருக்கும். அந்த நேரத்தில் சுண்ணாம்பு போடுவது இன்னும் மோசம்.

ஆகவே பி.எச். பார்க்கும் சோதனைப் பெட்டியும் அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டியும் மீன் வளர்ப்பவரின் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு துளி மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான். காலையில் ஒரு முறை, மாலை 3 மணிக்கு ஒரு முறை பாருங்கள். பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு உதவும். 8.5-க்கு மேலே இருந்தால் சுண்ணாம்பு மூட்டையைத் தொடாதீர்கள். அம்மோனியா மிகுந்திருந்தால் தீவனத்தை நிறுத்தி, அடிநீரில் ஒரு பகுதியை வெளியேற்றி, புது நீர் விடுவதே சிகிச்சை.

மீனைக் கையில் எடுங்கள்

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் வாடினால் உயிருள்ள மீனைப் பிடித்துப் பாருங்கள். செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் இளஞ்சிவப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாத இழைகளாக இருக்கும். வெளுத்திருந்தாலும், பழுப்பேறியிருந்தாலும், சளி மூடியிருந்தாலும் அங்கே நோய் இருக்கிறது. செத்து வெகுநேரமான மீனின் செவுள் எப்படியும் வெளுத்துத்தான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மீன் கரையில் உரசிக்கொள்கிறது, திடீரெனத் துள்ளுகிறது, உடலில் வட்டமாகத் தட்டையாக ஏதோ நகர்கிறது என்றால் அது மீன் பேன். இது தன் முட்டைகளைக் கெட்டியான பரப்பில்தான் ஒட்டும். குளத்தில் பல இடங்களில் மூங்கில் கழியையோ பலகையையோ நட்டுவைத்து, வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்ப நடுங்கள். அடுத்த தலைமுறை பேனில் பெரும்பகுதி கரையிலேயே அழிந்துவிடும்.

உடலில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். வண்ண மீன் தொட்டிகளில் அதிகம் வருவது. இதை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரி தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, வேறு மீனைத் தேடி நீந்தும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டுமே மருந்து வேலை செய்யும். ஒரு முறை மருந்து போட்டுப் புள்ளி மறைந்ததும் நிறுத்துபவர்களுக்கு ஒரு வாரத்தில் நோய் திரும்புவது இதனால்தான். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் சிகிச்சை தொடர வேண்டும்.

வாயிலும் துடுப்பிலும் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் அவசரப்படாதீர்கள். அது பூசணமாக இருக்கலாம், கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நுண்ணோக்கிக்கு அடியில் வேறுபாடு புரிந்துவிடும். வெண்புள்ளி நோய்க்கு நீரின் வெப்பத்தைச் சற்றுக் கூட்டினால் நல்லது. கொலும்னாரிஸ் இருக்கும் தொட்டியில் அதையே செய்தால் நோய் கொழுந்துவிட்டு எரியும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விரால், ரோகு, மிர்கால் மீன்களின் உடலில் சிவந்த புண் தோன்றி ஆழமாகக் குழி விழுந்தால், அது கொள்ளைப்புண் நோயாக இருக்கலாம். 1988-இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் தென்னிந்திய நீர்நிலைகள் வரை பரவிய நோய் இது. இதன் மூலகாரணம் அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்ற பூசணம் போன்ற உயிரி. மழைநீர் கலந்து நீரின் காரத்தன்மை குறையும்போதும் வெப்பம் தணியும்போதும் இது தலைதூக்கும். மழைக்காலத்துக்கு முன்பே பி.எச். பார்த்துச் சுண்ணாம்பு இடுவது இங்கே உண்மையான தடுப்பு. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை 10,000 கனமீட்டர் நீருக்கு 1 லிட்டர் என்ற அளவில் பயன்படுத்துகிறார்கள். அதுவும் நோய் இதுதான் என்று உறுதியான பிறகு.

கடல் குதிரை கற்றுத்தருவது

நன்னீர்க் குட்டை வைத்திருப்பவருக்குக் கடல் குதிரையைப் பற்றி எதற்கு என்று கேட்கலாம். அடைத்து வைத்த மீனுக்கு நோய் எப்படி வருகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் மீன் வேறில்லை.

கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியேறிவிடுவதால் நாளெல்லாம் உயிருள்ள சிற்றிரை வேண்டும். ஆர்டீமியா போன்ற அந்த உயிரிரையோடுதான் விப்ரியோ பாக்டீரியாவும் பெரும்பாலும் தொட்டிக்குள் வருகிறது. அதாவது, ஊட்டும் கையே நோயையும் ஊட்டிவிடுகிறது. ஆண் கடல் குதிரையின் குஞ்சு சுமக்கும் பையிலோ வால் தோலுக்கு அடியிலோ காற்றுக் குமிழி சேரும் ஒரு நோய் உண்டு. குமிழி ஒன்றுதான், காரணங்கள் பல. நீரில் வாயு அளவுக்குமேல் கரைந்திருக்கலாம், பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மனிதருக்குக் கண் அழுத்த நோய்க்குத் தரும் அசிட்டசோலமைடு என்ற மருந்தைக் கொடுத்துக் குமிழியைக் குறைப்பார்கள். தண்ணீரைச் சரிசெய்யாவிட்டால் அது திரும்ப வந்துவிடும்.

இந்த மீனை இந்தியாவில் தொட்டியில் வளர்த்துப் பார்த்தவர்கள் ஆராய்ச்சி நிலையத்தினர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்சம் மையத்தில் 1990களின் பிற்பகுதியிலேயே கூடா என்ற கடல் குதிரை இனத்தைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முயற்சி நடந்தது. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் குதிரையை அளவின்றிப் பிடித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு விற்றதால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் அது கொண்டுவரப்பட்டது. 2004 மே முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாடு உண்டு. கடல் குதிரை வளர்த்தால் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். குஞ்சு வாங்குவதே உங்களை வழக்கில் மாட்டிவிடும்.

அதன் சிகிச்சையில் ஒரு பாடம் மட்டும் நமக்கு நேராகப் பயன்படும். கடல் குதிரையின் உடலில் ஒட்டுண்ணி ஏறினால், அதே வெப்பமும் அதே பி.எச். அளவும் உள்ள நன்னீரில் சுமார் 10 நிமிடம் வைத்து எடுப்பார்கள். உப்பு நீருக்குப் பழகிய ஒட்டுண்ணி நன்னீரில் உப்பி வெடிக்கும், பெரிய உடல் கொண்ட மீன் அந்தச் சில நிமிடத்தைத் தாங்கிவிடும். நம் கெண்டைக்கும் வண்ண மீனுக்கும் இதையே தலைகீழாகச் செய்கிறோம். நன்னீர் மீனின் ஒட்டுண்ணிக்கு உப்பு நீர்.

உப்பு, அளவு, கணக்கு

1 லிட்டர் நீரில் 30 கிராம் கல் உப்பைக் கரைத்து, மீனை 2 முதல் 5 நிமிடம் வரை வைத்து எடுக்கலாம். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே நல்ல நீருக்கு மாற்றிவிடுங்கள். செதில் இல்லாத கெளுத்தி வகைக்கும் மிகச் சிறிய குஞ்சுக்கும் இந்தச் செறிவு ஆகாது. புதிதாக வாங்கி வரும் குஞ்சைக் குளத்தில் விடும் முன் உப்புக் குளியல் கொடுப்பது செலவில்லாத காப்பு.

குளம் முழுவதற்கும் மருந்து போடும்போது குளத்தின் கொள்ளளவு தெரியாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 1,200 கனமீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். இதில் 1 பி.பி.எம். அளவுக்கு ஒரு மருந்து வேண்டுமென்றால் 1.2 கிலோ. தொட்டியில் தரும் அளவான லிட்டருக்கு 3 கிராம் உப்பை இந்தக் குளத்தில் போட நினைத்தால் 3,600 கிலோ வேண்டும். ஒரு மூட்டை உப்பைக் கொட்டிவிட்டு நோய் போகவில்லை என்று உப்பைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு ஏற்ற சிகிச்சை வேறு, குளத்துக்கு ஏற்ற சிகிச்சை வேறு.

மருந்து பாட்டிலில் உள்ள கேடு

செதில் சிலிர்த்து, வயிறு ஊதி, கண் பிதுங்கிய மீனுக்கு நீர்க்கோவை என்று பெயர். பெரும்பாலும் ஏரோமோனாஸ் பாக்டீரியா இதில் இருக்கும். உடனே மனிதருக்கோ மாட்டுக்கோ வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் குளத்தில் தூவுகிறார்கள். நீரில் தூவிய மருந்து மீனின் உடலுக்குள் மிகச் சொற்பமாகவே போகும். தீவனத்தில் கலந்து கொடுத்தாலோ, நோயுற்ற மீன் தின்பதில்லை, நலமாக உள்ள மீன்தான் தின்கிறது. மிஞ்சிய மருந்து சேற்றில் தங்கி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. நாளை அதே குளத்து நீரில் இறங்கும் உங்கள் பிள்ளையின் காலில் புண் வந்தால் அந்த மாத்திரை அங்கே வேலை செய்யாமல் போகலாம்.

குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளை உணவு மீன் வளர்ப்பில் பயன்படுத்தத் தடை உண்டு. வண்ண மீன் தொட்டிக்கு என்று விற்கும் மலகைட் பச்சையை உணவுக்கான மீனில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது மீன் சதையில் நெடுநாள் தங்கும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய்கள் உண்டு. ஆனால் எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அது அடங்கும், எத்தனை நாள் கழித்து மீனை விற்கலாம் என்பதை ஆய்வக முடிவைப் பார்த்து மீன்வள மருத்துவம் தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

மருந்தே இல்லாத நோய்களும் உண்டு. 1994-இல் இந்தியக் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நச்சுயிரிக்கு இன்றுவரை சிகிச்சை கிடையாது. வண்ண மீனின் வெண்புள்ளி நோய்க்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. சோதித்த குஞ்சும் தூய்மையான குளமும்தான் இறால் வளர்ப்பாளருக்குப் பாதுகாப்பு. அதே விதி நம் குளத்துக்கும் பொருந்தும். புதிதாக வாங்கிய வண்ண மீனைக் குறைந்தது இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். ஒரு குளத்தில் இறக்கிய வலையை நன்கு வெயிலில் காயவைக்காமல் அடுத்த குளத்தில் இறக்காதீர்கள். கையில் புண் இருந்தால் உறை போடாமல் தொட்டியில் கை விடாதீர்கள். மீனைத் தாக்கும் மைக்கோபாக்டீரியம் மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

மாதிரியை எப்படிக் கொண்டுபோவது

நோயைக் கண்டறிய ஆய்வகத்துக்கு வேண்டியது அழுகிய மீன் இல்லை. வாடிய நிலையில் உயிரோடு உள்ள 3 அல்லது 4 மீன்களை, குளத்து நீரோடு, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் கொண்டுசெல்லுங்கள். நலமாக உள்ள ஒரு மீனையும் தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உயிரோடு கொண்டுபோக முடியாவிட்டால் அப்போதுதான் செத்த மீனைப் பனிக்கட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். தனியாக ஒரு பாட்டிலில் காற்று இடைவெளி இல்லாமல் குளத்து நீரை நிரப்புங்கள். மருந்து போடுவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். போட்டுவிட்டால் எந்த மருந்து, எந்த நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் நோட்டையும் எடுத்துச்செல்லுங்கள்.

குருமாம்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி மீன்வளத் துறை ஆகியவற்றை அணுகி யாரிடம் மாதிரி தர வேண்டும் என்று நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகமும், உவர்நீர் மீன், இறால் என்றால் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. 2023 ஜூனில் மத்திய அரசு ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. குளத்தில் காணும் அறிகுறியை அதில் பதிந்தால் மீன் நோய் நிபுணர்களிடம் செய்தி போய்ச் சேரும். மருந்து விற்பவருக்குப் படம் அனுப்புவதைவிட இது மேல்.

கொம்யூன் அளவில் ஒரு ஏற்பாடு வேண்டும்

இத்தனையும் உழவரின் தோளில் மட்டும் ஏற்றிவிடுவது நியாயமில்லை. 2015 முதல் மண் வள அட்டை என்ற பெயரில் வயல் மண்ணைச் சோதித்துத் தரும் பழக்கம் நாடு முழுவதும் வந்துவிட்டது. மண்ணைப் பார்த்து உரம் போடு என்று சொல்லக் கற்றுக்கொண்ட நாம், தண்ணீரைப் பார்த்து மீன் வளர்க்கவும் அதே போன்ற ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். ஒவ்வோர் உழவர் உதவியகத்திலும் பி.எச்., அம்மோனியா, ஆக்சிஜன் பார்க்கும் சோதனைப் பெட்டியும் ஒரு நுண்ணோக்கியும் இருக்க வேண்டும். மீன் செவுளைப் பார்த்து ஒட்டுண்ணியை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நோய் கண்டறியும் ஆய்வகங்களுக்கும் நிதி உதவி உண்டு. இதைக் கேட்டுப் பெறுவது நிர்வாகத்தின் கடமை.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நெட்டப்பாக்கத்தை விட்டுச் சற்றே நகர்ந்தால் விழுப்புரம் மாவட்டம், கடலூர் மாவட்டம். ஓடையும் வாய்க்காலும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை, மீன்குஞ்சு வண்டியும் வலையும் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இரு பக்கத்துக் கிராமங்களையும் ஒன்றாகத்தான் மூழ்கடித்தன. வெள்ளம் கரையைத் தாண்டும்போது வெளி மீனும் அதன் நோயும் உங்கள் குளத்துக்குள் வந்துவிடும். ஒரு பக்கத்தில் கொள்ளைப்புண் நோய் தென்பட்டால் அன்றே மறுபக்கத்துக்கும் தெரியும்படி இரு அரசுகளின் மீன்வளத் துறைகளும் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும். களப் பணியாளர்கள் தங்களுக்குள் ஒரு கைப்பேசிக் குழு வைத்துக்கொண்டாலே இதில் பாதி நடந்துவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த முறை நீங்கள் ஒரு மீன்குளத்துக்குப் போகும்போது மருந்துச் சீட்டு எழுதும் முன் கரையைச் சுற்றி வாருங்கள், தண்ணீரைச் சோதியுங்கள், ஒரு மீனின் செவுளைத் திறந்து உழவருக்கும் காட்டுங்கள். உழவர்களே, மழை தொடங்கும் முன் மூன்று வேலைகளை முடித்து வையுங்கள். உங்கள் குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுக் கரையில் உள்ள மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதுங்கள். பி.எச். அளவைப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் சுண்ணாம்பு இடுங்கள். மீன் கணக்குக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இந்த மூன்றும் தயாராக இருந்தால், மீன் வாடும் அன்று உங்களுக்கு விடை சொல்ல வருபவருக்கு வேலை பாதியாகக் குறையும், உங்கள் மீனுக்கும் பிழைக்க நேரம் கிடைக்கும்.